வாங்கிய பரியும் வாங்காத அறிவும்

முன்னுரை

கூடுவாஞ்சேரியில் சென்ற ஆண்டு நடைபெற்ற திருமணம் ஒன்றில் நாம் கலந்துகொண்டோம். மாப்பிள்ளை ஊர்வலத்திற்கென வெள்ளைக் குதிரை ஒன்றை அமர்த்தியிருந்தனர். தார்ச்சாலையில் அது நடந்து வந்தபோது வலது முன்காலை முழுமையாக ஊன்றாமல் வருவதைக் கண்டோம். ஊர்வலம் முடிந்தபின் குதிரைக்காரப் பெரியவரை அணுகி, "பாய், லாடம் கட்டி எத்தனை நாளாயிற்று?" என்று வினவினோம். "லாடம் அடித்தவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, ஐயா. அவர் மகன் வெல்டிங் பட்டறை வைத்துவிட்டான். இப்போது நானே ஏதோ அடித்துக்கொள்கிறேன்" என்றார் அவர். அவர் குரலில் வருத்தம் இருந்தது; அலட்சியம் இல்லை. குதிரையை அவர் நேசிக்கிறார் என்பது அதன் பிடரியை அவர் தடவிக் கொடுத்த விதத்திலேயே தெரிந்தது. ஆயினும் நேசம் ஒன்றே குளம்பைக் காத்துவிடாது அன்றோ!

குதிரை இருக்கிறது, குதிரையை அறிந்தவர் அருகி வருகின்றனர். இந்நிலை நம் மண்ணுக்குப் புதிதன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகம் இதற்குப் பெருவிலை கொடுத்திருக்கிறது. குதிரை பேணல், பழக்கல், இனப்பெருக்கம், ஊர்தற்பயிற்சி ஆகியவை கல்லூரியில் கற்கத்தக்க கல்வி என்பதை அவ்வரலாற்றின் துணைகொண்டு விளக்குவதும், அக்கல்விக்கு இன்று திறந்திருக்கும் வாயில்களை நம் மாணவர்க்குக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல்வழி வந்த புரவி

பரி, புரவி, மா, இவுளி எனக் குதிரைக்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. பெயர்கள் பலவாயினும் குதிரை தமிழகத்தில் இயல்பாகப் பல்கிய விலங்கு அன்று. சங்ககாலத்திலேயே அது கப்பலில் வந்திறங்கிய பண்டம் என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை உணர்த்துகிறது. பிற்காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையை நாமனைவரும் அறிவோம். இராவுத்தர் எனும் சமூகப் பெயரே குதிரை வீரரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அருணகிரிநாதர் முருகப்பெருமானையே அப்பெயரால் விளித்துள்ளார் எனின், அச்சொல் தமிழ் மண்ணில் எத்துணை இயல்பாகப் பழகியது என்பது விளங்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாணிகம் உச்சத்தை எட்டியது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து மஅபர் எனப்பட்ட தமிழகக் கடற்கரைக்கும், காம்பே முதலிய துறைமுகங்களுக்கும் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்பது அவர் கூற்று. கைஸ் தீவின் அதிபரான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் ஒரு குதிரை இறந்துபோனாலும் அதன் விலையை அரசுக் கருவூலம் தரவேண்டும் என்பதும் அவ்வுடன்பாட்டின் ஒரு கூறு. ஜமாலுத்தீனின் உடன்பிறப்பான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. நம் முன்னோரின் கடலோடும் திறத்திற்கும், மாற்றுச் சமயத்து மன்னர் அவர்மீது வைத்த நம்பிக்கைக்கும் இது சான்றாகும்.

மார்க்கோ போலோ கண்ட குறை

இப்பெருமையைச் சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. ஆயின் அக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஏறத்தாழ 1292-93இல் இக்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ அதைப் பதிவு செய்துள்ளார். இந்நாட்டு மன்னர் ஐவரும் தனித்தனியே ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டின் இறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதுகிறார். காரணமும் கூறுகிறார்: குதிரைகளைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்கு உணவாகக் கொடுக்கின்றனர், குதிரை மருத்துவர் எவரும் இங்கு இல்லை. குதிரை கொண்டுவரும் வணிகர் தம்முடன் மருத்துவர் எவரும் வராதவாறு பார்த்துக்கொள்கின்றனர் என்றும், குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்பதே அவர்தம் எண்ணம் என்றும் அவர் மேலும் கூறுகிறார்.

பயணியர் குறிப்புகளில் மிகை கலப்பது உண்டு. எண்களை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எனினும் அவர் சுட்டும் குறையின் சாரத்தை இன்றைய கால்நடை அறிவியலின் துணையோடு ஆராய்ந்தால், அது வெறுங்கதை அன்று என்பது புலனாகும்.

குதிரை புல்லுண்ணி, ஆயின் மாட்டைப் போல் அசைபோடும் விலங்கு அன்று. மாட்டுக்குரிய நான்கு அறை இரைப்பை அதற்கு இல்லை. அதன் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். நார்ப்பொருள் செரிப்பது பின்குடலில் வாழும் நுண்ணுயிர்களால். ஆகவே குதிரை நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்தற்கென அமைந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவை ஒரே வேளையில் பெருமளவு கொடுத்தால் அது செரிக்காமல் பின்குடலைச் சென்றடைந்து புளித்துவிடும். அதன் விளைவாகக் கடும் வயிற்றுவலி உண்டாகும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலால் பிற விலங்குகளுக்குச் சிறு தொல்லையாகக் கழியும் வயிற்றுவலி குதிரையின் உயிரையே குடிப்பதுண்டு. அதே காரணத்தால் குளம்பின் உள்ளடுக்கு அழற்சியுற்றுக் குதிரை நிற்கவும் இயலாமல் போவதும் உண்டு. சோற்றுருண்டையை அன்போடு ஊட்டிய கை, தான் செய்வது யாதென அறியாமலே குதிரையை வீழ்த்தியிருத்தல் கூடும்.

நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெண்குதிரையையும் இணைத்தாலும் இந்நாட்டில் கால் திருகிய நலிந்த குட்டியே பிறக்கிறது என்பதும் மார்க்கோ போலோவின் குறிப்பு. தானியங்களிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. இவ்விரண்டும் சமன் குலைந்தால் எலும்பு வலுவிழக்கும். அக்குட்டிகளின் குறைக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரையில் சில குதிரைகள் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன. வியர்வையின்றேல் உடல் தணியாது. வறண்ட பாரசீகத்திலிருந்து வந்த குதிரை காயற்கரையில் எவ்வாறு துன்புற்றிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

சுருங்கக் கூறின், பாண்டியர் பொன் கொடுத்துப் பரியை வாங்கினர். அதைப் பேணும் அறிவை வாங்கவில்லை. விற்றவரும் அவ்வறிவை உடன் அனுப்பவில்லை. வணிகரைப் பற்றிய அக்குற்றச்சாட்டு முழு உண்மையோ அன்றோ, அறிவை மறைத்து ஆதாயம் தேடுதல் தகுமா என்ற வினாவை அது நம்முன் வைக்கிறது. முன்னோரின் கப்பல்களைப் பாராட்டும் நாம் அவ்வினாவையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

நூல்கள் இருந்தன, கல்லூரி இல்லை

அக்காலத்தில் குதிரை அறிவு உலகில் இல்லாமலில்லை. வடமொழியில் சாலிகோத்திரர் பெயரால் குதிரை மருத்துவ மரபு வழங்கியது. நகுலன் பெயரால் அமைந்த அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்துள்ளது. அரபு மொழியில் குதிரையியல் தனித்துறையாகவே வளர்ந்தது. கால்நடை மருத்துவரை அரபியர் 'பைத்தார்' என்பர். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அந்நாசிர் முஹம்மதின் அவையில் விளங்கிய அபூபக்ர் இப்னு பத்ர் எனும் பைத்தார், பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் குதிரை குறித்துப் பெருநூல் ஒன்றை இயற்றினார். குதிரை மருத்துவமும் குதிரை பழக்கலும் ஆகிய இருகலைகளின் முழுமை என்பது அந்நூற்பெயரின் பொருள். மருத்துவமும் பயிற்சியும் பிரிக்கவியலாத இணைக்கலைகள் என்பதை அப்பெயரே அறிவிக்கிறது.

காயலில் குதிரைகள் மடிந்த காலத்துக்குச் சில பத்தாண்டுகளுக்குள் கெய்ரோவில் இத்தகைய நூல் எழுந்தது என்பது கருதத்தக்கது. அறிவு ஓரிடத்தில் இருந்தது; தேவை மற்றோரிடத்தில் இருந்தது. இரண்டையும் இணைக்க நிலையானதொரு கல்விக்கூடம் இல்லை.

அத்தகைய கல்விக்கூடம் முதன்முதலாகத் தோன்றிய வரலாறும் குதிரையோடு தொடர்புடையதே. பிரான்சின் லியோன் நகரில் குதிரையேற்றப் பள்ளியை நடத்திவந்த குளோது பூர்ழெலா என்பவர், குதிரையை ஊரக் கற்பித்தால் மட்டும் போதாது, அதன் உடலையும் நோயையும் அறிதல் வேண்டும் என்று கருதினார். 1761இல் அரசின் இசைவு பெற்று 1762இல் அவர் தொடங்கியதே உலகின் முதற் கால்நடை மருத்துவக் கல்லூரி எனப் போற்றப்படுகிறது. குதிரையேற்ற ஆசானின் கூடத்திலிருந்து ஒரு மருத்துவத்துறையே பிறந்தது!

பாடமாகக் குதிரை

இக்கல்வியில் மாணவர் கற்பது யாது? அதை நான்கு பகுதிகளாகக் கொள்ளலாம்.

முதலாவது பேணல். குதிரையின் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் நாள்தோறும் வேண்டும். அதில் பெரும்பகுதி புல்லாகவும் வைக்கோல்வகையாகவும் அமைதல் நலம். நம் நாட்டில் மரபாகக் கொடுக்கப்படும் கொள்ளு துணையுணவே, முதலுணவு அன்று. நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை நீர் தேவைப்படும். கோடையிலும் கடும் உழைப்பிலும் அது இன்னும் மிகும். ஓய்வில் நிற்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இருக்கும். இதைக் கையால் தொட்டறியப் பழகிய மாணவர், நோய் முற்றுமுன் அதை அறிந்துவிடுவார். குளம்பு நம் நகம் போல் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவி லாடத்தை மாற்றிக் கட்டவேண்டும். குளம்பின் உணர்வற்ற புறச்சுவருக்கும் உணர்வுள்ள உட்பகுதிக்கும் இடையே இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. ஆணி சற்றே உட்புறம் சாய்ந்தால் குதிரை நொண்டும். கூடுவாஞ்சேரியில் நாம் கண்ட நொண்டலுக்கும் இத்தகையதொரு காரணமே இருந்திருக்கலாம்.

இரண்டாவது நோயறிதல். ஈக்களால் பரவும் சர்ரா, மனிதரையும் தொற்றவல்ல கிளாண்டர்ஸ், காயத்தின்வழி நுழையும் வில்வாத ஜன்னி ஆகியன குதிரையின் கொடும் பகைகள். 1960இல் ஆப்பிரிக்கக் குதிரைநோய் இந்தியாவில் புகுந்து பேரிழப்பை விளைத்தது. எல்லை கடந்து வரும் நோயைத் தடுக்க, தனிமைப்படுத்தலும் குருதிச் சோதனையும் அறிந்த வல்லுநர் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மூன்றாவது இனப்பெருக்கம். குதிரை ஏறத்தாழ பதினொரு திங்கள் சினைகொள்ளும். பிறந்த குட்டிக்கு நோயெதிர்ப்பாற்றல் தாயின் கருவறையிலிருந்து கிடைப்பதில்லை. சீம்பாலின் வழியேதான் கிடைக்கிறது. அதுவும் முதல் ஒரு நாளைக்குள்ளேயே குட்டியின் குடல் அதை ஏற்கும். அச்சில மணிநேரத்தைத் தவறவிட்டால் பின்னர் எத்துணைப் பால் கொடுத்தும் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது.

நான்காவது பழக்கலும் ஊர்தற்பயிற்சியும். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. ஏறக்குறையச் சுற்றுமுழுதும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் உள்ள சிறுபரப்பு மட்டும் தெரியாது. அதனாலேயே பின்புறமிருந்து அணுகுபவரைக் குதிரை உதைக்கிறது. அது தீக்குணம் அன்று, அச்சம். இதை அறிந்த பயிற்றுநர் சவுக்கை நாடமாட்டார்; தோட்புறமாகப் பேசிக்கொண்டே அணுகுவார். நீள்கயிற்றில் வட்டமாக நடத்திப் பழக்குதல், கடிவாளத்தை வாய் நோகாமல் ஆளுதல், உடற்சாய்வாலும் கால் அழுத்தத்தாலும் குறிப்புணர்த்தல் எனப் பயிற்சி படிப்படியாக வளரும். பிறருக்குக் கற்பிப்பது இன்னும் ஒரு படி மேலானது. பிரிட்டனில் 1947இல் தோன்றிய பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் ஊர்தற்பயிற்றுநர்க்குத் தேர்வு நடத்திச் சான்றளித்து வருகிறது. குதிரையேறத் தெரிந்தவர் அனைவரும் ஆசிரியர் ஆகிவிடார் என்பதே அதன் அடிப்படை.

நம் மாநிலத்தில் வாயில்கள்

குதிரை இயலைக் கற்க விழையும் தமிழ்நாட்டு மாணவர் முதலில் நுழையவேண்டிய வாயில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பே. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு கடந்த நிறுவனம். 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. நாட்டில் இத்துறைக்கென அமைந்த முதற் பல்கலைக்கழகம் அதுவே. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் உள்ளன. பயிற்சிக்காலம் உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு இது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். அப்பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நமக்கு மிக அண்மையில், கூடுவாஞ்சேரிக்கும் மறைமலைநகருக்கும் இடைப்பட்ட காட்டுப்பாக்கத்திலேயே இருக்கிறது. நாள்தோறும் மின்தொடர்வண்டியில் அவ்வழியே கடந்துசெல்லும் நம் மாணவர் எத்தனை பேர் அதை அறிவர்?

ஊர்தலைக் கற்க விழைவோர்க்கு, சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவு ஒரு வாய்ப்பாகும். மாநிலத்திற்கு அப்பால், அரியானாவின் ஹிசாரில் 1985இல் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உயராய்வுக்குரியது. மார்வாரி, கத்தியவாரி முதலிய நாட்டினக் குதிரைகளைக் காக்கும் பணியும் அதைச் சார்ந்ததே. 1779ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் இராணுவக் கால்நடைப் படைப்பிரிவின் கல்லூரி மீரட்டில் உள்ளது.

பணிவாய்ப்பு பற்றி மிகைப்படக் கூறுதல் முறையாகாது. 2012இல் நாட்டில் ஏறத்தாழ 6.3 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஆகவே மாணவர் முதலில் எல்லாக் கால்நடைகளுக்குமான பட்டத்தைப் பெற்று, அதன்மேல் குதிரை இயலில் தேர்ச்சி பெறுவதே தக்க வழி. குறுகிய காலச் சான்றிதழ் தருவதாக விளம்பரப்படுத்தும் இடங்களில் சேருமுன், அச்சான்றிதழை ஏற்கும் அமைப்பு எது, பயிற்சிக்கு எத்தனை குதிரைகள் உள்ளன என்ற இரு வினாக்களைப் பெற்றோர் கேட்டறிதல் நலம்.

ஐயங்கள் இரண்டு

குதிரை என்றதும் பெரியோர் சிலர்க்குப் பந்தயமும் சூதாட்டமுமே நினைவுக்கு வருகின்றன. அவ்வச்சம் காரணமற்றதன்று. 1974இல் தமிழக அரசே பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996இல் உச்சநீதிமன்றம் அதைத் திறன்சார் விளையாட்டு எனத் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தயத்திடலின் குத்தகையை அரசு நீக்கியது. பந்தயத்தில் பணம் கட்டுவதை நாம் ஒருபோதும் பரிந்துரையோம். ஆயின் குதிரைக் கல்வி வேறு, பந்தயச் சூது வேறு. நம் மாவட்டத்திலேயே மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அங்கு எடுக்கப்படும் நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே நச்சுமுறி மருந்து ஆக்கப்படுகிறது. வயலில் பாம்புக் கடியுற்ற உழவர் உயிர்பிழைப்பதில் குதிரைக்கும், அதை நலமுடன் பேணும் மருத்துவர்க்கும் பங்குண்டு.

இது செல்வர்க்கும் ஆடவர்க்குமே உரிய துறை என்பது இரண்டாவது ஐயம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், குதிரையின் அசைவொழுங்கை மதிப்பிடும் குழுப்பிரிவில் இந்தியா பொற்பதக்கம் வென்றது. நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் குதிரையேற்றத்தில் கிடைத்த பொன் அது. அந்நால்வரில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா ஆகியோருடன் திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா எனும் பெண்டிர் இருவரும் இடம்பெற்றனர். பெங்களூரைச் சேர்ந்த பௌவாத் மிர்சா 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றார். போட்டிக் குதிரை வளர்த்தல் செலவு மிக்கதே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பேணலும் மருத்துவமும் அரசுக் கல்லூரியிலேயே கற்கக்கூடியவை. அவற்றை ஆணும் பெண்ணும், செல்வரும் எளியரும் ஒருங்கே கற்கலாம்.

முடிவுரை

தமிழ்த்துறை மலரில் குதிரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். சேணம், கடிவாளம், அங்கவடி, லாயம், லாடம் என ஒரு தொழிலின் சொற்கள் நம் கண்முன்னே வழக்கொழிந்து வருகின்றன. அந்தியூர் ஆடித்திருவிழாக் குதிரைச் சந்தையிலும், மெரினா மணலிலும், புதுப்பேட்டைக் காவல்துறைக் குதிரை லாயத்திலும் அச்சொற்களை வாயில் வைத்திருப்போர் இன்னும் இருக்கின்றனர். அவர்களை அணுகி, அவர்தம் சொல்லையும் கைப்பழக்கத்தையும் எழுதிவைப்பது தமிழ் மாணவர்க்குரிய பணியே. அறிவியல் மாணவர் அதைச் சோதித்துத் தெளிவாராயின், அனுபவமும் நூலறிவும் ஒன்றுகூடும்.

அன்று கப்பலில் வராத அறிவு இன்று வேப்பேரியில் இருக்கிறது. அதைக் கற்றுவரும் நம் மாணவருள் ஒருவர், ஒருநாள் கூடுவாஞ்சேரிச் சாலையோரத்தில் அப்பெரியவரின் குதிரைமுன் குனிந்து, அதன் வலது முன்காலைத் தம் முழங்காலில் தாங்கி, "பாய், ஆணி உட்புறம் ஏறியிருக்கிறது, கழற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று கூறவேண்டும். கூறியதோடு நில்லாமல், அடுத்த முறை லாடம் கட்டுவது எப்படி என அவர்க்கும் கற்பித்துவிட்டு வரவேண்டும் என்பதே நம் அவா.